ஒண்டி சத்தார்

அட, இதுக்குப் போயி எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க தம்பி? சாயாக்கடையில அவனுங்க சொன்னானுங்க, நீங்களும் ஒண்டின்னு கூப்ட்டுட்டீங்க. ஆம்பூர்ல பாதி பேருக்கு என் சொந்தப் பேரே தெரியாது. சத்தாரு. அப்துல் சத்தாரு. உங்க நோட்டுல அதையும் எழுதி வைங்க. ஏன் ஒண்டின்னா... சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்த கேட்டத் தாண்டி வாங்க. தலையக் குனிஞ்சி.

இதுதான் உங்க தாத்தாவோட தோல் கம்பெனி. பூட்டி நாலு வருஷம் ஆவுது. வாங்குறவன் இல்ல, இன்னா பண்றது. கூரையெல்லாம் போச்சி, தொட்டிங்க மட்டும் அப்டியே கீது. மழத்தண்ணி ரொம்பி, மேல வெள்ளையா ஆட கட்டிக்கினு கீதே, அத்த தரைன்னு நெனச்சி கால வச்சிடாதீங்க. அடியில எவ்ளோ சுண்ணாம்பு கெடக்குன்னு எனக்கே தெரியாது. பலக மேலயே நடங்க. கையக் குடுங்க. ஆங், அப்டி.

இந்த ஊர்ல பேர வச்சி ஒருத்தனத் தேட முடியாது தம்பி. தெருவுக்குப் பத்து பாஷா, பத்து அஹமது. காத்தால வந்து உங்கப்பா பேரச் சொல்லிக் கேட்டீங்க, ஒருத்தனுக்கும் தெரியல. மூணு வெட்டு வீட்டுப் புள்ளைன்னு சொன்னீங்க, அத்தினி பேரும் என்னக் கை காட்டிட்டானுங்க. பட்டப்பேருதான் இங்க வெலாசம்.

பஜார்ல கபன் வீடுன்னு ஒண்ணு கீது. அவங்க பாட்டனாரு ஹஜ்ஜுக்குப் போறப்ப, அங்கியே மௌத்தாயிடணும்னு ஆசப்பட்டு மையத்துக்குப் போத்துற கபன் துணியப் பொட்டியில எடுத்துக்கினு போனாரு. முழுசாத் திரும்பி வந்துட்டாரு. அப்புறம் இருபது வருஷம் அந்தப் பொட்டி மேல குந்திக்கினுதான் சோறு துன்னாரு. அப்புறம் செகண்டு வீடு. அந்தாளு தோல தரம் பிரிக்கிறவரு. அவரு கண்ணுக்கு எந்தத் தோலும் ஃபஸ்ட்டு கெடையாது, எல்லாம் செகண்டுதான். மவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட அவரு வாயி சும்மா இல்ல... சிரிக்காதீங்க தம்பி, பலக ஆடுது.

உங்களுதா? வரேன். தோல சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போடறதுக்கு முன்னால, வால் ஓரத்துல கத்தியால அடையாளம் வெட்டுவாங்க. ஊறி, மயிர் போயி, ஆவாரம்பட்டத் தண்ணியில பதமாயி வந்தாலும் அந்த வெட்டு போவாது. இன்னார் சரக்குன்னு தெரிஞ்சிடும். உங்க தாத்தா பெரிய சாயபு அடையாளம் மூணு வெட்டு. அதான் மூணு வெட்டு வீடு. உங்கம்மா அப்டித்தான் சொன்னாங்களா? நல்லது. தப்பில்ல.

ஆனா ஊரு அந்தப் பேர மெதுவாத்தான் சொல்லும். கவனிச்சீங்களா?

எனக்கு அப்போ ஒம்போது வயசு. ரெண்டு ஆட்டுத்தோலு காணும். எங்கப்பாதான் எடுத்தாருன்னு பெரிய சாயபுக்கு சந்தேகம். போலீஸுக்குப் போவல. கூலிக்காரங்க எல்லாரையும் நிக்க வச்சிக்கினு, தோல் வெட்டுற அதே கத்தியால எங்கப்பா எடது காதுல ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டு நாளு கழிச்சி தொட்டியத் தூர் வார்றப்ப அந்த ரெண்டு தோலும் அடியில கெடந்திச்சி. காது ஒட்டுமா? அன்னியிலேர்ந்து எங்கப்பா வெட்டுக்காதன். சாவுற வரிக்கும் தலையில துணி கட்டிக்கினே இருந்தாரு.

இந்தாண்ட வாங்க. இது கடேசித் தொட்டி. இதுக்கு மேல வழி இல்ல.

உங்கப்பா சின்ன சாயபு அப்டி இல்ல. எனக்கு மொதப் புள்ள பொறந்தப்ப துணி எடுத்துக் குடுத்தாரு. மூக்கு உங்களுக்கு அவரு மாரியேதான். ஒண்ணே ஒண்ணு, பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு. வெட்டுக்காதன் மவனே, இங்க வா. வெட்டுக்காதன் மவனே, தோல எடு. சிரிச்சிக்கினேதான் சொல்வாரு. அவருக்கு அது வெளையாட்டு. பத்து வருஷம் கேட்டேன் தம்பி. வவுறு எரியும்.

ரங்கூன்ல உங்கப்பாவ ரெண்டு மாசம் தேடினீங்களா? எல்லா மசூதியிலயும் கேட்டீங்களா? உங்கம்மா கடேசி வரிக்கும் தபால்காரனப் பாத்துக்கினு... அத்த மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. வேணாம்.

உங்கப்பா மறுநாளு ரங்கூன் கப்பலுக்குப் போவ வேண்டியவரு. பொட்டி முன்னாடியே மெட்ராஸுக்கு ரயில்ல போய்ட்டுது. வெள்ளிக்கிழம, எல்லாரும் தொழுவப் போய்ட்டாங்க. கடேசியா ஒரு தபா தோலப் பாத்துட்டுப் போறேன்னு வந்தாரு. நான்தான் கூட வந்தேன், இந்தத் தொட்டி அப்போ என் பொறுப்பு. அல்லா மேல சத்தியமா நான் தள்ளல. பலக வழுக்கிச்சி. கண்ணு, வாயி, எல்லாம் சுண்ணாம்பு. அடியில ஊறுற தோலுல காலு மாட்டிக்கிச்சி. கை ஒண்ணுதான் மேல தெரிஞ்சிது. அப்பவும் இன்னா சொல்லிக் கூப்ட்டாரு தெரியுமா? வெட்டுக்காதன் மவனே, கையக் குடுடா.

சத்தாருன்னு கூப்ட்டிருந்தாக் குடுத்திருப்பேன். இருவத்தி நாலு வருஷமா யோசிக்கிறேன், கண்டிப்பாக் குடுத்திருப்பேன்.

வெளிய வந்தா, கேட்டாண்ட காவல் இருந்த அஹமது பாஷா கேட்டான். இன்னா சத்தாரு, ரெண்டு பேராப் போனீங்க, ஒண்டியா வர்றியேன்னு. சாயபு ஆத்துப் பக்கமா ஸ்டேஷனுக்குப் போய்ட்டாருன்னேன். அவனும் நம்பிட்டான். அதுக்கப்புறம் இந்தத் தொட்டியத் தூர் வார எவனையும் நான் உடல. அடுத்த நாளு என்னப் பாத்ததும் ஒண்டின்னு கூப்ட்டான், சும்மா கிண்டலுக்கு. அதே நெலச்சிடுச்சி. ஆறு புள்ள, பதினோரு பேரப் புள்ளைங்க, எனக்குப் பேரு ஒண்டி. ஏன்னு இதுவரிக்கும் எவனும் கேக்கல. நீங்கதான் நோட்டு எடுத்துக்கினு வந்து கேட்டீங்க.

இன்னா, எழுதறத நிறுத்திட்டீங்க? பின்னால போவாதீங்க தம்பி, அந்தாண்ட பலக உளுத்துப் போயி கெடக்கு. ஆடுது பாருங்க. நான் எங்கியும் போவல, கை எட்டுற தூரத்துலதான் நிக்கிறேன். கை வேணும்னா கூப்புடுங்க. இன்னா பேரு சொல்லிக் கூப்புடுறீங்கன்னு பாக்கறேன்.