ஒரே பிளேனில் இரண்டு பக்கம்

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு அகதித் தமிழர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

“அண்ணை, எங்கடை ஃபக்டரி இத்தாலிக்கார மனுசன் ரெண்டாம் உலக யுத்தத்திலை ஒரே பிளேனிலை ரெண்டு பக்கமும் சண்டை பிடிச்சவராம்!”

“உனக்கென்ன விசரே?”

“உண்மை. முதல் ஜெர்மன்காரரோடை. இத்தாலி சண்டையை நிப்பாட்டிக் கையெழுத்து வைச்ச பிறகு, பிளேனிலை இருந்த சின்னத்தை அழிச்சுப் புதுசு கீறி, ஜெர்மன்காரருக்கு எதிரா எழும்பினவராம்.”

“எங்கடை ஃபோர்மன் ஜெர்மன்காரரெல்லோ! அவருக்குத் தெரியுமோ?”

“தெரியும். அவர் கீழை பீரங்கியோடை நிண்டு அந்தப் பிளேனுகளைச் சுட்டவராம்! இப்ப ரெண்டு பேரும் ஒரு மேசையிலை சாப்பிடுகினம்.”

அண்ணைக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

“அப்ப நீயும் நானும் வேற வேற இயக்கமெண்டு அகதி விடுதி ஹைம் குசினியிலை ஏனடா ரெண்டு சட்டி வைச்சிருக்கிறம்? இண்டைக்கு ஒண்டிலை சமைப்பம்.”

“ஓம் அண்ணை. ஆனா கறி நான்தான் வைப்பன். உங்கடை இயக்கத்துக்கு உறைப்புப் போடத் தெரியாது.”