பூ பார்டர் போஸ்டர்

மந்தைவெளியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"உன் வூட்டுக்காரர் போஸ்டர மொதல்ல கிழிச்சிப் போடுக்கா. ஏரியாவே அவரு பூட்டாருன்னு நெனச்சிக்கினு கீது."

திரும்பிப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன். அக்கா புதிதாக டிபன் கடை போட்டிருப்பவர் என்றும், பேசியவள் ஆழ்வார்பேட்டையில் போஸ்டர் அடிக்கும் கடையில் வேலை செய்பவள் என்றும் போகப்போகப் புரிந்தது.

"கடை விளம்பரம்னா ஓனர் மூஞ்சி வோணாமா?"

"அதுக்கு ரேஷன் கார்டு போட்டோவா? சுத்தி பூ பார்டர், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோசை படத்தப் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

"ஆமாண்டி, நேத்து ஏழெட்டு பேரு மாலையோட வந்துட்டாங்க. இவரு தோசைக்கல்லாண்ட நின்னுக்கினு கீறாரு."

"ஐயய்யோ! அப்பறம்?"

அந்த நேரம் பார்த்து டிக்கெட் கேட்ட கண்டக்டர்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. நல்லவேளை, அக்கா நிதானமாகத்தான் சொன்னார்.

"அப்பறம் இன்னா? சாவு வூட்லதான் கை நனைக்கக் கூடாது, இங்க சாவே இல்லியேன்னு ஆளுக்கு நாலு தோசை துன்னுட்டுப் போனாங்க. கடை தொறந்ததுலேர்ந்து நேத்துதான்டி மாவு மிஞ்சல."

அக்காவே குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார்.

"அதான் ஒன்னாண்ட கேக்கறேன். எங்க மாமியார் கல்லாட்டம் கீறாங்க. அவங்க போட்டோ ஒண்ணு தரேன், அதே பூ பார்டர்ல அடிச்சிக் குடுக்கிறியா?"