ஏழாம் நம்பர் பதிவு

— ஏழாம் நம்பர் பதிவை அழிச்சிடுங்கண்ணே. புதுசா ஒண்ணு பேசித் தரேன்.

— வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? அப்பா போய் பத்து நாள்கூட ஆகல. மொதல்ல உக்காரும்மா. ஏழாம் நம்பர்ல என்ன குறை?

— ஆம்புலன்சுக்குக் கூப்பிடறப்போ வருதே, அது. ‘எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன, தயவுசெய்து இணைப்பில் இருங்கள்.’ அது இனிமே என் குரல்ல வரக்கூடாது.

— இந்த ஆறு வருஷத்துல நீ பேசினதுலயே அதுதான் ரொம்ப நல்லா வந்தது. ஆஸ்பத்திரிக்காரங்களே சொன்னாங்க, கேட்டா பாதி பயம் போயிடுதாம்.

— அதனாலதான் சொல்றேன். ஃபேனை நிறுத்துங்க, சத்தம் விழும்.

— சொல்றதக் கேளும்மா. எழுதினது அவங்க, கையெழுத்துப் போட்டது அவங்க. நான் இந்த ரூம்ல உக்காந்து மாத்தினா என் வேலைக்கே வேட்டு. ஒரு லெட்டர் எழுதிக் குடு, மேல அனுப்பறேன்.

— லெட்டர் போய் வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள எத்தனை பேர் கூப்பிடுவாங்க? நான்தான் மாத்தினேன்னு எழுதித் தரேன், என்னைத் தூக்கட்டும். இன்னிக்கு இதைப் பேசாம நான் எந்திரிக்கப் போறதில்ல.

— பொல்லாத பிடிவாதம் உனக்கு. காட்டு அந்தக் காகிதத்தை, அப்படி என்னதான் பேசப் போறே?

— ‘லைன் கிடைக்கவில்லை. காத்திருக்காதீர்கள். ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.’ அவ்வளவுதான்.

— இதை ஒருத்தர் சொல்லணுமாக்கும்? ரெண்டு நிமிஷம் பாப்பாங்க, யாரும் எடுக்கலேன்னா தானா வச்சிட்டு வேற வழி பாப்பாங்க. மெஷின் பேச்சை எவன்மா மதிக்கிறான்? பதிவு பண்ற நானே மதிக்கறதில்ல.

— எங்கப்பா நாப்பது நிமிஷம் இருந்தாருண்ணே. நெஞ்சு வலியோட.

— நாப்பதா? ஏம்மா, பக்கத்து வீட்ல யாரும் இல்லையா?

— இருந்தாங்க. ஒரே சுவரு, ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாங்க. கடைசியில அந்த அக்காவே எதுக்கோ எட்டிப் பாத்துட்டு, பதறிப்போய்த் தூக்கியிருக்காங்க. ரிசீவரை விடவே மாட்டேன்னுட்டாராம். ‘எம்பொண்ணு லைன்ல இருக்கா, இருக்கச் சொல்றா’ன்னாராம்.