அம்மா சிரித்த பழைய கேமரா

"எங்கம்மா எனக்குச் சிரிக்காது மச்சான். அவன் கேமராவுக்குத்தான் சிரிக்கும்."

பொகவந்தலாவை பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் மடியில் கேமராப் பை. கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர் போலிருந்தது. பக்கத்தில் அவருடைய கூட்டாளி.

"எவன்?"

"நம்ம சிவாதான். மூணு கல்யாணத்துக்குப் படம் எடுத்த காசக் கொட்டி ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கியிருக்கான். கிறுக்கன். அந்தக் காசுக்கு நான் புது லென்ஸே வாங்குவேன்."

"அதுல அப்பிடி என்ன இருக்கு?"

"ஒரு மண்ணும் இல்ல. எடுத்த படத்த அப்பவே பாக்கக்கூட முடியாது. நான் எடுத்தா அம்மா உடனே வாங்கிப் பாக்கும். பல்லு தெரியுது, தேயிலக் கொழுந்துக் கூடை தெரியுது, அழிச்சிருன்னு சொல்லும். நானும் அழிச்சிருவேன். அவன் அம்மாவ கொழுந்து நிறுக்கிற எடத்துல வச்சு எடுத்தான். அழிக்கச் சொல்ல வழியில்ல. இப்ப அது பிரேம் போட்டு எங்க வீட்டு டிவிக்கு மேல தொங்குது. வர்றவங்களுக்கெல்லாம் அம்மாவே காட்டுது."

"படம் நல்லா இருக்கா?"

அவர் கூட்டாளியின் பக்கம் குனிந்தார்.

"அவன் அந்தக் கேமராவ விப்பானான்னு கேட்டுப் பாரு. எனக்குன்னு மட்டும் சொல்லிராத."