சத்தத்தை முந்தியதைச் சொல்லித் தந்த நபீஸா ஆசிரியைக்கு

காற்றிலும் கடலிலும் கறிச்சட்டியிலும் பாடம் கண்டவரே! வியப்பை விதைத்து, விடையை எங்களையே தேடவைத்த விஞ்ஞான ஆசிரியையே! முப்பத்தொரு ஆண்டுப் பணியில் பதினெட்டைப் புத்தளத்தின் இடம்பெயர்ந்தோர் பாடசாலைகளிலும், பதின்மூன்றைப் பிறந்த மண்ணான முல்லைத்தீவின் இந்தக் கரையோரப் பாடசாலையிலும் நிறைத்து, அறுபது வயதில் விடைபெறும் அன்புக்குரிய நபீஸா ஜெமீல் அவர்களே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

காலைதோறும் வாசற் பலகையில் நீங்கள் எழுதும் ஒரு வரியைப் படிக்காமல் உள்ளே வந்தவர் எவருமில்லை. உதிக்கும் முழுநிலவு பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம், கையை நீட்டிச் சுண்டுவிரலால் அளந்து பாருங்கள் என்றீர்கள். ஊரே கையை நீட்டிக்கொண்டு கடற்கரையில் நின்றது. வாழைப்பழத்தோடு வைத்த மாங்காய் கெதியில் பழுக்கும் என்றீர்கள். சமையலறைகளில் அது வழக்கமாயிற்று. மிளகாய் உறைப்புத் தண்ணீருக்கு அடங்காது, பாலுக்கு அடங்கும் என்று எழுதிய அன்று, புவியியல் ஆசிரியர் யோகநாதன் இரண்டு பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு, எல்லோருடைய தேநீருக்கும் வைத்திருந்த பாலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "நிரூபிச்சாச்சு ரீச்சர். இண்டைக்கு எல்லாருக்கும் பிளேன்ரீதான்" என்று அவர் சொன்னது ஆசிரியர் அறையில் இன்றும் பேச்சு.

ஆனால் உங்கள் குணங்களில் எங்களுக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "தெரியாது. பாத்துச் சொல்லுறன்" என்பீர்கள், மறுநாள் மறவாமல் சொல்வீர்கள். அந்தக் குணம் எங்களில் ஒருவருக்கு என்ன செய்தது என்பதை இந்தச் சபையில் சொல்லவேண்டும். எமில்டா ஆசிரியையும் அவர் கணவர் கிறிஸ்தோப்பரும் சம்மதித்த பின்பே இதை எழுதினோம்.

எங்கள் விளையாட்டுப் போட்டியில் துவக்குவெடி கிடையாது. வெடிச் சத்தத்துக்குப் பிள்ளைகளை விடப் பெற்றோர் பதறுவார்கள் என்பதால், மீள்குடியேறிய ஆண்டிலிருந்தே இரண்டு பலகையை ஒன்றோடொன்று அடித்துத்தான் ஓட்டத்தைத் தொடங்குகிறோம். கடந்த மாசி மாதம் நூறு மீற்றர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் நேரம் எடுத்தவர்களில் எமில்டாவும் ஒருவர். அவருடைய மணிக்கூடு மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களுடையதை விடக் குறைவாகக் காட்டியது. "எமில்டா ரீச்சரின்ர பிள்ளையள் ஓடேல்லை, பறக்கினம்" என்று அதிபர் தங்கராசா ஒலிபெருக்கியிலேயே பகிடி விட்டார்.

காரணத்தைக் கண்டவர் நீங்கள். மற்றவர்கள் பலகைகள் சேர்வதைப் பார்த்து மணிக்கூட்டை அமத்தினார்கள். எமில்டா நிலத்தைப் பார்த்தபடி, சத்தம் வரும்வரை காத்திருந்து அமத்தினார். நூறு மீற்றரைக் கடக்கச் சத்தத்துக்கு ஏறக்குறைய மூன்றிலொரு செக்கன் வேண்டும், வெளிச்சத்துக்கு நேரமே வேண்டாத மாதிரி என்று விளக்கினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எமில்டா சிரிக்கவில்லை.

அவர் பதினாறு ஆண்டுகளாகக் காதை மட்டுமே நம்பி இருந்தவர். கடைசிப் போர்க்காலத்தில் கடற்கரையில் தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே அவர் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது, நாலு பாகத் தூரம் தள்ளி இருந்த ஒன்பது வயது மகன் நிறோஜன் எறிகணையில் போனான். அந்த நாட்களில் ஒவ்வொரு தாயும் காதால்தான் பிள்ளை வளர்த்தாள். எறிகணை கூவிவரும் சத்தம் கேட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பதுங்குகுழியில் இறக்குவாள். "வாற சத்தம் கேக்கேல்லையோ?" என்று பிறகு வந்த உறவுகள் கேட்டார்கள். குற்றம் சொல்ல அல்ல, வாயில் வந்ததைக் கேட்டார்கள். அன்றிலிருந்து எமில்டா சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார்.

போட்டி முடிந்து கொடிகளைக் கழற்றும்போது அவர் உங்களிடம் வந்து, எறிகணைக்கும் இந்தக் கணக்குத்தானோ என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று நடந்ததில் எது முதல், எது பிறகு என்று மட்டும் விசாரித்தீர்கள்.

"முதல் வெடிச்சது. பிறகுதான் கூவிக்கொண்டு வாற சத்தம். கடைசியாத் தூரத்தில அதை அடிச்ச சத்தம். என்ர நினைவு குழம்பிப்போச்செண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

உடனே ஆறுதல் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுறன் எமில்டா. சும்மா உங்கட மனசுக்காக ஒண்டும் சொல்லமாட்டன்" என்றீர்கள். அன்று மாலை முழுவதும் புத்தகங்களைப் புரட்டினீர்கள் என்றும், கண்டியில் பௌதிகவியல் படிப்பிக்கும் பழைய மாணவியிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தீர்கள் என்றும் பின்னர் உங்கள் கணவர் ஜெமீல் நானா சொல்லி அறிந்தோம்.

மறுநாள் இடைவேளையில் எமில்டாவின் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தீர்கள்.

"சில எறிகணை சத்தத்தை விட மெதுவா வரும். அது கூவிறது முன்னுக்கே கேக்கும். நீங்கள் சொல்லுற ஒழுங்கில கேட்டதெண்டால், இது சத்தத்தை முந்தி வந்தது. உங்கட நினைவு குழம்பேல்லை, சரியாத்தான் இருக்கு. அது வெடிக்க முதல் கேக்கிறதுக்கு ஒண்டுமே இருக்கேல்லை எமில்டா. ஆருக்கும் கேட்டிராது."

எமில்டா அழவில்லை. "ஆருக்கும் கேட்டிராதோ?" என்று திருப்பிக் கேட்டார். "ஓம்" என்றீர்கள்.

அன்று மாலை வீட்டு முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பரிடம், நீங்கள் சொன்னதை எமில்டா ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். மகன் இறந்த விதத்தைப் பற்றி அந்த இருவரும் பதினாறு ஆண்டுகளில் பேசிய முதல் கதை அது. கிறிஸ்தோப்பர் வலையைக் கீழே வைத்தார்.

"நானும் அங்கதானே நிண்டனான். எனக்கும் கேக்கேல்லை. உன்னட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்."

அடுத்த நாள் எமில்டா பாடசாலைக்குப் பிந்தி வந்தார். கோயில் மணி அடித்ததும் தெரியவில்லை, கைத்தொலைபேசி அலறியதும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதும் தெரியவில்லை, வெயில் முகத்தில் பட்டபோதுதான் எழும்பினேன் என்று அதிபரிடம் சொன்னார். பகிடிக்குப் பேர்போன தங்கராசா அன்று வரவுப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்திரண்டு ஆண்டுச் சேவையில் முதல் முறையாக எமில்டா, பிந்தி வருவோருக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டார்.

மெய்யைத் தவிர வேறு மருந்து தராத மேன்மையே! உங்கள் சேவைக்குச் சான்றிதழ் தரும் தகுதி எங்களுக்கில்லை. அந்தப் பதிவேட்டில், நேரம் ஒன்பது பத்து என்று எழுதி ஒப்பமிட்ட அந்த ஒரு வரிதான் நாங்கள் காட்டக்கூடிய சான்று. ஜெமீல் நானாவோடும் பிள்ளைகளோடும் நோயின்றி, நெடுங்காலம், எந்த மணிக்கும் எழும்பவேண்டிய அவசரமின்றி நீங்களும் நிம்மதியாக உறங்கி எழ வேண்டுமென்று ஆண்டவனை இறைஞ்சுகிறோம்.

இங்ஙனம்,
அதிபர், ஆசிரியர்கள், கல்விசாரா ஊழியர்கள்
முல்லைத்தீவு