பவதாரிணி வீட்டு சவுண்ட் கார்டு

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் பேரிங் தேய்ந்துவிட்டது, மேடம். இன்னும் ஒரு மாதம் ஓடும். இப்போதே மாற்றினால் மோட்டார் தப்பிக்கும். சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன். இருபது வருடமாக நான் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை என்றாலும் முக்கால்வாசிக் கோளாறுகளைக் காதால்தான் கண்டுபிடிப்பேன். ஹார்டு டிஸ்க் போகப்போகிறது என்றால் பல நாள் முன்பே உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். வீட்டுக்காரர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். என் காது நல்ல காது. பிறகு நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கருத்தக்கண்ணன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கடை திருப்பரங்குன்றத்தில். புகாரில் எழுதியிருப்பவை எல்லாம் நடந்தவைதான். தேதிகள்கூடச் சரியாக இருக்கின்றன. புகார் கொடுத்த பீமாராவ் சார் தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேதி விஷயத்தில் தவற மாட்டார். கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாதியை மனதில் வைத்துச் செய்தேன் என்று எழுதியிருக்கிறார். அப்படி எனக்கு எதுவும் கிடையாது. அவர்கள் வீட்டில் நான் காபி குடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் மகள் பவதாரிணிக்கு அப்போது இருபத்தாறு வயது. கண் தெரியாது. பிறவியில் வந்ததில்லை. ஒன்பது வயதில் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கி, பதினாறில் முழுக்கப் போய்விட்டது. நரம்பு சம்பந்தப்பட்ட நோய். வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் ஹெட்போனில் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மேசைக்கு அடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல் இருந்தது. காலால் மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு வார்த்தை பிசகினால் மருந்தின் அளவே மாறிப்போகும். நூறு பதிவுக்கு ஒரு தப்புகூட வராது என்று அவள் அப்பா சொன்னார். அம்மா இல்லை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் தடவை நான் போனது அவள் கம்ப்யூட்டரில் குரல் தெளிவாக வர ஒரு சவுண்ட் கார்டை மாட்ட. நன்றாக வேலை செய்தது. அவள் காபி போட உள்ளே போனபோது பீமாராவ் சார் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். கண்ணை எடுத்த அந்த நோய் சிலருக்குப் பின்னாளில் காதையும் எடுத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

"எல்லாருக்கும் வராதாம் தம்பி. சில பேருக்குத்தேன். அவளுக்கும் தெரியும். நாங்க அதப் பத்திப் பேசிக்கிறதில்ல."

என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. பழுது பார்க்க வருகிறவனிடம் மக்கள் இப்படி எதையாவது சொல்லிவிடுவார்கள். நான் தலையாட்டினேன்.

நான்கு மாதம் கழித்து வைஃபை கார்டு மாட்டப் போனேன். அன்று என் மச்சான் விருமாண்டியும் வண்டியில் இருந்தான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டு வருகிற வழி. கார்டை மாட்டினேன், நெட் வருவதைக் காட்டினேன், எழுந்து கையைத் தட்டிக்கொண்டேன். பவதாரிணி ஹெட்போனைப் போட்டுப் பெடலை மிதித்தாள். ஐந்து நிமிடம் கேட்டிருப்பாள்.

"அண்ணே, சத்தம் திக்குதுண்ணே" என்றாள். "வார்த்தைக்கு நடுவுல அறுந்து அறுந்து வருது. இந்தக் கார்ட மாட்டுனதுக்கு அப்புறந்தேன். எடம் மாத்தி மாட்டிப் பாக்குறீங்களா?"

விருமாண்டி வாசலில் நின்று சிரித்தான். "என்ன மாப்ள, ஒனக்கே பாடமா? இம்புட்டு வருசம் என்னத்தப் புடுங்குன?"

நான் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். திக்கியது. யாருக்கும் கேட்கும். ஒரு மருத்துவர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை குரல் வெட்டுப்பட்டது. காரணமும் உடனே தெரிந்தது. பழைய மதர்போர்டுகளில் கார்டு செருகுகிற பக்கத்துப் பக்கத்து ஸ்லாட் இரண்டுக்கும் ஒரே வழியைக் கொடுத்திருப்பான். இரண்டு கார்டும் அந்த வழியாகத்தான் பிராசஸரைக் கூப்பிட வேண்டும். நெட் கார்டு கூப்பிடும்போது சவுண்ட் கார்டு காத்திருக்கும். கண் இமைக்கிற நேரம்தான், அதற்குள் குரல் அறுந்துவிடும். அவள் சொன்னதுபோல கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை.

"எனக்கு நல்லாத்தேன் கேக்குது" என்றேன்.

அவள் ஹெட்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். நான் பீமாராவ் சார் முகத்தைப் பார்த்தேன். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது விருமாண்டி பின்னால் உட்கார்ந்து சொன்னான். "போயும் போயும் யாருட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட, பாத்தியா?" அவன் அப்படிப் பேசுகிறவன்தான். மறுநாள் தனியாகப் போய்க் கார்டை மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் கடையில் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். ஒரு தடவைகூடத் தட்டிக் கழித்ததில்லை. நெட்டில் ஏதாவது இறங்கும்போது மட்டும்தான் அந்தக் கோளாறு வரும். அதனால் போனதும் நெட்டை நிறுத்துவேன். பிறகு ஒரு பதிவை ஸ்பீக்கரில் ஓடவிடுவேன். குரல் தெளிவாக வரும்.

"இப்ப நல்லாக் கேக்குதுண்ணே. என்ன செஞ்சீங்க?" என்பாள்.

"ஒண்ணுமே செய்யலம்மா. ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டல" என்பேன்.

கிளம்பும்போது நெட்டைப் போட்டுவிட்டு வருவேன்.

நடுவில் ஒரு நாள் பீமாராவ் சார் கடைக்கு வந்தார். மகளுக்குத் தெரியாமல் அந்த ஹெட்போனைப் போட்டுப் பார்த்ததாகவும், தனக்கும் விட்டு விட்டுத்தான் கேட்பதாகவும் சொன்னார். கொஞ்சம் நம்பிக்கையோடுதான் வந்திருந்தார். நான் அவரை உட்காரவைத்து, என்ன வயது என்று கேட்டேன். அறுபத்திரண்டு என்றார். "வயசாச்சுல்ல சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

வேலை அனுப்புகிற அலுவலகத்தில் அவளுடைய மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. காது மருத்துவரிடம் போனார்கள். பரிசோதனையில் குறை இல்லை, இருந்தாலும் இந்த நோய் என்பதால் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றாராம். அந்த ஆறு மாதம் என்பதை மட்டும் இரண்டு பேரும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செல்போனில் சிக்னல் இல்லாமல் குரல் விட்டு வந்தாலும் அதைத் தன் காதின் கணக்கில் அவள் சேர்த்துக்கொண்டாள். கோயில் மைக் காற்றில் வந்து வந்து மறைந்தால் அதையும். "அப்பா, இப்பப் போன ரயிலு நடுவுல சத்தமில்லாமப் போச்சா?" என்று கேட்பாளாம். தனியாகத் தெருவைக் கடப்பதை நிறுத்தினாள். ஏழாவது மாதம் வேலையை அவளாகவே விட்டாள். மருந்தின் அளவைத் தப்பாக அடித்து யாரோ ஒருவர் செத்துப்போனால் என்ன செய்வது என்றாளாம். பொறுப்பான பெண். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அடுத்து நான் போனது, கூப்பிடாமல் போனது. வீடு அமைதியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவளுடைய உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதினார். அவள் அவர் கையை இழுத்துப் பதில் எழுதினாள். காது முழுக்கப் போவதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமாம். விடிந்ததிலிருந்து மதியம் பன்னிரண்டு மணி வரை பேசுவதில்லை என்று வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் வந்ததும் அவளுக்குக் கேட்டது; என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஆனாலும் பேசவில்லை. பீமாராவ் சார் நாற்காலியைக் காட்டினார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வேகமாக எழுதினால் அவள் புரியாமல் கையை உதறுவாள். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

பன்னிரண்டு அடித்ததும் அவள் பேசினாள். "அண்ணே, நீங்களும் ஒரு எழுத்து எழுதுங்களேன். எனக்கு வெளியாளு கையும் பழகணும்ல" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

கை அழுக்காக இருக்கிறது என்றேன். அழுக்காகத்தான் இருந்தது.

இது வெளியே வந்ததற்குப் பாண்டிமீனா காரணம். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற பெண். சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரை அந்தப் பிள்ளைகளுக்காவது கொடுத்துவிடலாம் என்று பீமாராவ் சார் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்துப்போகும் முன் அங்கேயே ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நெட் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சார், சவுண்டு இந்தத் திக்குத் திக்குது?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பெண் மூடியைக் கழற்றிக் கார்டை இடம் மாற்றினாள். திக்குவது நின்றுவிட்டது.

மறுநாள் காலை அவர் கடைக்கு வந்தார். கத்தவில்லை.

"தம்பி, அன்னிக்கு ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்றேன்.

அவர் வெகுநேரம் ஸ்டூலில் இருந்தார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வந்து போனார்கள். பிறகு சொன்னார். "அவ நம்ப மாட்டேங்கிறா. இன்னிக்கு நல்லாக் கேக்கும், நாளைக்குப் போயிரும், இதுக்கு முன்னாடியும் அப்படித்தான இருந்துச்சுங்கிறா. அவ மனசு நோகக் கூடாதுன்னு அந்தப் பாண்டிமீனாப் புள்ளையும் நானும் சேந்து நாடகம் போடுறோங்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. ஒங்க வாயால சொன்னாத்தேன் நம்புவா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறார்.

ஒரு கார்டை இடம் மாற்றாமல் விட்டதற்கு எந்தப் பிரிவு என்று உங்கள் ரைட்டர் கேட்டபோது நீங்களும் யோசித்தீர்கள். அது உங்கள் வேலை. ஏன் செய்தாய் என்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தொழிலில் பேர் கெட்டுவிடும் என்ற பயம் என்று சொல்லலாம். முதல் வாரத்துக்கு அது பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது. இரண்டாவது மாதமே அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

அன்று நான் மேசைக்கு அடியில் இருந்தேன். தூசி தட்டவென்று மூடியைத் திறந்திருந்தேன், ஸ்க்ரூடிரைவர் கையில். அவள் கால் பெடலின் மேல், என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். "அண்ணே, கோளாறு என் காதுலதேன். அன்னிக்கு ஒங்க ஆளு முன்னாடி ஒங்க வேலையக் குத்தம் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். குரல் உடைந்துதான் சொன்னாள். நான் எதிர்பார்த்திருந்தது அந்த வார்த்தையைத்தான். அதோடு முடிந்திருக்க வேண்டும். கார்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மாற்றியிருந்தால் யாருக்கும் தெரியாது. காது தானாகச் சரியாகிவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் மூடியைப் போட்டு முடுக்கினேன்.

இப்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவள் எதிரில் சொல்லவைக்க வேண்டும் என்கிறீர்கள். போகலாம், எனக்கு மறுப்பில்லை. குரல் திக்கியது எனக்கும் கேட்டது, கேட்கவில்லை என்று தெரிந்தே சொன்னேன், உன் காதில் எந்தக் குறையும் இல்லை. இதே வார்த்தைகளில் சொல்கிறேன். பீமாராவ் சாரிடம் முன்கூட்டியே ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள், மேடம். அன்று அவள் அந்த மன்னிப்பை நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் கேட்டாள். நான் சொல்லும்போது அவள் எழுந்து நிற்கட்டும்.