இரண்டு மா நிலமும் ஒரு ஸலாமும்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பந்தல் அதிரப் பதில் சொன்னீர்கள், மகிழ்ச்சி. தலைவரின் உதடு மட்டும் அசையவில்லை. குற்றமில்லை. கூட்டத்துக்குச் சொல்லும் ஸலாமுக்குக் கூட்டத்தில் ஒருவர் பதில் சொன்னாலே எல்லோருடைய கடமையும் நிறைவேறிவிடும் என்பது நம் சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

இந்த நூலக ஆண்டு விழாவின் தலைமை நாற்காலியை அணிசெய்யும் ஜமாஅத் செயலாளர், சொல்லிலும் செயலிலும் சோர்வறியாதவர், என் ஒரே உடன்பிறப்பு, அண்ணன் ஹபீப் முகம்மது அவர்களே; முன்வரிசையில் முதுமையும் முழுமையும் சேர வீற்றிருக்கும் பெரியோர்களே; திரைக்கு அப்பால் பிள்ளையை மடியிலும் காதை மேடையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே; ஒரத்தநாட்டிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் தோழர்களே; மதியம்வரை களை பறித்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவி நேரே இங்கு வந்து, அதோ வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் அம்சம் அக்கா அவர்களே; உங்கள் அனைவருக்கும் வழக்கறிஞர் ஹலீமாவின் வணக்கமும் வாழ்த்தும்.

நோட்டீசில் தலைப்பு, இஸ்லாமியச் சட்டத்தின் தோற்றமும் கோட்பாடுகளும். என் தலைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் வேறொரு வாசகம்: "எங்கள் சட்டத்தைத் தொடாதே." நல்ல வாசகம். எழுதிய கையை வாழ்த்துகிறேன்.

ஆம், தொடாதே. இரவு எட்டு மணியானால் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, நம் சட்டம் பழையது, பாழ்பட்டது, பெண்ணைப் பூட்டிவைக்கும் பெட்டி என்று பேசுகிறார்களே, அவர்களைக் கேட்கிறேன். எங்கள் சட்டம் எங்கே பிறந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அரண்மனையில் பிறந்ததா? அல்ல. ஆயுதக் கிடங்கில் பிறந்ததா? அல்லவே அல்ல.

திருமறை அதன் முதல் ஊற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லும் வாழ்வும் இரண்டாம் ஊற்று. அறிஞர்கள் ஆய்ந்து ஒருமித்துக் கண்ட முடிவு மூன்றாவது, அதை இஜ்மா என்கிறோம். முன்பு இல்லாத சிக்கல் ஒன்று புதிதாக முளைத்தால், பழைய தீர்ப்பின் காரணத்தைப் பிடித்து இதற்கும் பொருத்திப் பார்ப்பது நான்காவது, அது கியாஸ். யமன் நாட்டுக்கு நீதிபதியாகப் புறப்பட்ட தோழரிடம் நபிகள் நாயகம் கேட்டார்கள், எதைக்கொண்டு தீர்ப்பளிப்பாய் என்று. வேதத்தைக்கொண்டு என்றார். அதில் கிடைக்காவிட்டால்? தங்கள் வழிமுறையைக்கொண்டு. அதிலும் கிடைக்காவிட்டால்? என் அறிவைக்கொண்டு முயல்வேன் என்றார். அந்தப் பதிலைக் கேட்டு அண்ணலார் அகமகிழ்ந்தார்கள். அறிவை முயலச் சொன்ன சட்டமய்யா இது. இதை அறியாமை என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். இன்னும் பத்து நிமிடம் கழித்தும் இந்தக் கைதட்டல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தோற்றம் என்றேனே, அதற்கு வருகிறேன். உஹத் போர்க்களத்தில் ஒரு தோழர் உயிர் நீத்தார். விட்டுச்சென்றது ஒரு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அன்றைய ஊர் வழக்கம் என்ன? வாள் பிடிக்காத கைக்குச் சொத்து இல்லை. இறந்தவரோடு பிறந்தவர் வந்தார், இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் அடுக்களையில் முடங்கினாளா? அழுது ஓய்ந்தாளா? ஊர் என்ன சொல்லுமோ என்று ஒடுங்கினாளா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபிகள் நாயகத்தின் முன்னால் போய் நின்றாள். இவர்களின் தகப்பன் போய்விட்டார், இவர்களின் பங்கும் போய்விட்டது என்று முறையிட்டாள். இறைவன் தீர்ப்பளிப்பான் என்றார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. உடனே அந்த மனிதரை வரவழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மிச்சம் எதுவோ அது உனக்கு என்றார்கள்.

கவனித்தீர்களா? வரிசையின் கடைசியில் நின்றவர் ஆண். ஒரு பெண் கேட்டாள், வானம் பதில் சொன்னது. சபையில் நின்று கேட்பது பெண்ணுக்கு அழகில்லை என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்.

இப்போது பாலைவனத்திலிருந்து நம் வாய்க்காலுக்கு வருவோம். அம்சம் அக்காவை உங்களுக்குத் தெரியும். எங்களைப் பெற்ற அத்தாவின் ஆறு மா நஞ்சையை, அந்த இரண்டு ஏக்கரை, பதினெட்டு வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். அத்தா மவுத்தாகி அடக்கம் முடிந்த நாற்பதாம் நாள், மனசு தாங்காமல் நான் அந்த வரப்பில் போய் நின்றேன். அக்கா நாற்றுமுடியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"வக்கீலம்மா, எங்க வீடுங்கள்ல பொண்ணுக்கு நெலத்துல பங்குன்னு சட்டம் வந்ததே நேத்து மாதிரி இருக்கு. ஒங்களுக்கு எப்பலேருந்து?"

"ஆயிரத்து நானூறு வருசமாக்கா" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"அப்படியா? இந்த வாய்க்கா நெடுக நானும் நடுறேன், பறிக்கிறேன். ஒங்காளுங்க வயல்ல ஒண்ணுகூட பொம்பளை பேருல இல்லியே. எங்க போச்சு அந்தப் பங்கெல்லாம்?"

இருபது வருடமாகக் குறுக்கு விசாரணை செய்கிறவள் நான். அன்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர் அக்கா. மறுநாள் சிட்டாவை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்னதில் சின்னத் தவறு. நம் ஊர்ப் பாசனத்தில் நம்மவர் பட்டா முப்பத்தெட்டு, அதில் பெண் பெயர் இரண்டு இருந்தது. அந்த இரண்டு பேருமே கூடப்பிறந்த ஆண் இல்லாதவர்கள்.

ஏன் சிரிக்கவில்லை? சற்றுமுன் தட்டிய கைகள் எங்கே?

எப்படிப் போனது என்று சொல்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். தேர்வில் ஒரு கேள்வி: தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகள் தன் வாரிசுப் பங்கை விட்டுக்கொடுத்து எழுதினால் செல்லுமா? செல்லாது என்று எழுதினேன். மனிதனுக்கு மூச்சு இருக்கும்வரை அவனுக்கு வாரிசு கிடையாது. பிறக்காத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது என்று இரண்டு பக்கம் விளாசினேன். அடுத்த மாதம் எனக்கு நிக்காஹ். உள்கையில் மருதாணி சிவந்திருக்கிறது. எனக்காக மணமேடையில் பேச வேண்டிய வகீலும் சாட்சிகளும் வந்து என் சம்மதம் கேட்டுப் போனார்கள். பள்ளிவாசலின் திருமணப் பதிவேடான தஃப்தரில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு முத்திரைத்தாள்.

"இதுலயும் ஒண்ணு போட்டுடும்மா, ஊர் வழக்கந்தான்." தாளை நீட்டியது அத்தா. பேனாவைத் திறந்து கொடுத்தது அண்ணன். போட்டேன். இரண்டு பக்கம் எழுதித் தேறியவள், ஒரு வார்த்தை கேட்காமல் போட்டேன். நம் ஊரில் படித்த பெண்ணும் படிக்காத பெண்ணும் சமமாகச் செய்யும் ஒரே தவறு இதுதான்.

அதோடு நின்றதா? கறுப்பு அங்கி மாட்டிய பிறகு, பங்கை விட்டுக்கொடுக்கும் இதே விடுதலைப் பத்திரத்தைப் பதினோரு மணப்பெண்களுக்கு எழுதிக்கொடுத்ததும் இந்தக் கைதான். செல்லாது என்று தெரிந்தே எழுதினேன். போன மாதம் பதினோரு வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டேன், "நான் எழுதினது செல்லாதும்மா, மன்னிச்சிருங்க" என்று. நால்வர் அழுதார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். சாத்தியது நியாயம்.

தலைவரிடமிருந்து சீட்டு வந்திருக்கிறது. "தலைப்புக்கு வரவும்." வந்துவிட்டேன் தலைவர் அவர்களே. கோட்பாடு கேட்டீர்களே, இதோ கோட்பாடு. ஊர் வழக்கத்துக்கும் நம் சட்டத்தில் இடமுண்டு. கடைத்தெருவில், விருந்தில், உடையில், பேச்சில், வழக்கத்தை மதிக்கச் சொன்னார்கள் இமாம்கள். ஆனால் எதுவரை? இறைவாக்கை எதிர்க்காதவரை. இறைவன் கொடு என்று சொன்ன இடத்தில், வேண்டாம் என்று சொல்ல ஊருக்கு அதிகாரம் இல்லை. ஜமாஅத்துக்கு இல்லை. செயலாளருக்கு நிச்சயமாக இல்லை.

யாரோ கேட்கிறீர்கள், பலமாகவே கேளுங்கள். "சீர் செஞ்சு கட்டிக்கொடுக்கலையா?" செய்தார்கள் அய்யா. பாசத்தில் செய்தது பரிசு. அதைப் பங்கில் கழிக்க எந்த இமாம் சொன்னார்? அண்ணனுக்கும் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொடுத்தார் அத்தா. அதை யாரும் கழிக்கவில்லையே.

பின்வரிசைத் தம்பி என்ன சொல்கிறார்? "பொண்ணுக்குப் பாதிதானே?" ஆமாம் தம்பி, ஆணின் பங்கில் பாதி. குடும்பத்துக்குச் சோறு போடும் கடமையை ஆணின் தலையில் வைத்த சட்டம் அப்படிப் பிரித்தது. பாதி நியாயமா என்று ஒருநாள் நீயும் நானும் விடிய விடியப் பேசுவோம். அந்தப் பாதியைக்கூடப் பார்க்காத பெண்கள் திரைக்குப் பின்னால் நூறு பேர் இருக்கிறார்கள். முதலில் அதைக் கொடுத்துவிட்டு வா.

இப்போது இந்தப் பேனரை நிமிர்ந்து பாருங்கள். எங்கள் சட்டத்தைத் தொடாதே. வெளியிலிருந்து தொட வருகிறவனை வாசலிலேயே மறிப்போம், முதல் ஆளாக நான் நிற்பேன். ஆனால் உள்ளே இருந்து தொட்டது யார்? மருதாணி மணக்கும் அறைக்குள் முத்திரைத்தாளோடு நுழைந்தது யார்? வேதத்தைப் பட்டுத்துணியில் சுற்றி உயரத்தில் வைத்துவிட்டு, அதன் வசனத்தை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது யார்? எதிரியா? நாம். நாமேதான். அதைச் சொன்னால் சமுதாயத்தைக் காட்டிக்கொடுக்கிறாள் என்பீர்கள். மறைத்துக் காப்பாற்றுவதற்கு இது திருட்டுப்பொருள் அல்ல, திருமறையின் சட்டம். நான் அதன் பக்கம் நிற்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம்?

தலைவர் அவர்களே, வருகிற மாதம் உங்கள் மகள் ஆஷிகாவுக்கு நிக்காஹ். திரைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். ஆஷிகா, தஃப்தரில் மட்டும் கையெழுத்துப் போடு கண்ணு. அதற்குக் கீழே இன்னொரு தாள் வந்தால் என்னைக் கூப்பிடு. இந்த முறை நான் வாயைத் திறப்பேன்.

அடுத்து என் பங்கு. அம்மா முன்பே போய்விட்டார். அத்தாவுக்கு நாம் இரண்டே பிள்ளைகள். ஆறு மாவில் நான்கு உங்களுக்கு, இரண்டு எனக்கு. கூடக் கேட்கவில்லை, குறையவும் விடமாட்டேன். அதை வீட்டில் வைத்துக் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதமாக நீங்கள் என் முகம் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடந்தேன், வாசல்வரை வந்து அண்ணியை மட்டும் உள்ளே அனுப்பினீர்கள். அது வலிக்கிறது அண்ணே. நிலத்தைவிட அதிகமாக வலிக்கிறது. வலிக்கிறது என்பதற்காக விட்டுவிட மாட்டேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு சர்வேயர் வயலுக்கு வருகிறார். அம்சம் அக்கா அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மறுமுனை காலியாக இருக்கிறது. நீங்கள் வந்தால் அதை உங்களிடம் கொடுப்பேன். வராவிட்டால் நானே பிடித்துக்கொள்வேன், மீதியை நீதிமன்றத்தில் பேசிக்கொள்வோம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், திரையை விலக்கிவிட்டு எழுந்து நிற்கும் தாய்மார்களுக்கும், நான் விழுங்கிய கேள்வியை எனக்குத் திருப்பிக் கொடுத்த அம்சம் அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

கடைசியாக ஒரே ஒரு சட்டம். கூட்டத்துக்குச் சொன்ன ஸலாமுக்கு யார் பதில் சொன்னாலும் போதும் என்றேன். ஒருவரைப் பெயர் சொல்லிச் சொன்னால், அவரே பதில் சொல்லியாக வேண்டும். வேறு எவர் சொன்னாலும் அந்தக் கடமை கழியாது.

அண்ணன் ஹபீப் முகம்மது அவர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

வேறு யாரும் பதில் சொல்லாதீர்கள். நான் இறங்கப் போவதில்லை, இங்கேயே நிற்கிறேன்.